கணவாயின் உச்சியைக் கண்டுபிடித்தல்: ஓர் அணுவும் ஒரு மூலக்கூறும் மோதும் வினையை நாமே கணக்கிடும் முறை

முதுநிலை வேதியியல் வகுப்பில் வினைவேகவியல் நடத்தும்போது, கரும்பலகையில் மேடான ஒரு வளைகோட்டை வரைந்து, அதன் உச்சியில் இரட்டைச் சிலுவைக் குறியை இட்டு, "இதுதான் இடைநிலை" என்று சொல்லிவிட்டு அடுத்த தலைப்புக்குப் போய்விடுகிறோம். நானும் பல ஆண்டுகள் அப்படித்தான் செய்தேன். தருமபுரியில் சனிக்கிழமைதோறும் என்னிடம் வந்து அமரும் மாணவர்களுள் ஒருவர், அரூரிலிருந்து பேருந்தில் வருபவர், ஒருநாள், "சார், அந்த உச்சி எவ்வளவு உயரம், அணுக்கள் எவ்வளவு தூரத்தில் இருக்கும்போது அது வருகிறது என்று நாமே கண்டுபிடிக்க முடியுமா?" என்று கேட்டார். முடியும் என்றேன். அன்று தொடங்கிய பயிற்சியைச் செப்பம் செய்து, தனியாக அமர்ந்து செய்ய விரும்புவோருக்காக இங்கே எழுதுகிறேன். விரிதாள் மென்பொருள் இயங்கும் ஒரு மடிக்கணினி வேண்டும். பள்ளியில் அரசு வழங்கிய பழைய மடிக்கணினியே போதும். பிற்பகுதிக்குப் பைத்தான் மொழியில் ஐம்பது வரி எழுதத் தெரிந்தால் வேலை எளிதாகும்.

எடுத்துக்கொள்ளும் வினை, ஓர் ஹைட்ரஜன் அணு ஓர் ஹைட்ரஜன் மூலக்கூற்றை மோதி, அதிலுள்ள ஓர் அணுவைத் தன்னோடு சேர்த்துக்கொண்டு மற்றதை விடுவிப்பதாகும். வினைபடுபொருளும் விளைபொருளும் ஒன்றாகவே இருக்கும் இந்த வினை நடந்ததை எப்படி அறிவது என்ற ஐயம் எழுவது இயல்பு. அணுக்கருக்களின் தற்சுழற்சி அமைப்பில் மட்டும் வேறுபடும் இரு ஹைட்ரஜன் வடிவங்களுள் பாரா ஹைட்ரஜன் ஆர்த்தோ ஹைட்ரஜனாக மாறும் வேகத்தை அளந்தும், ஓர் அணுவுக்குப் பதிலாக ஹைட்ரஜனின் கனமான வடிவமான டியூட்டீரியத்தை வைத்தும் 1930களிலேயே இதை ஆராய்ந்தார்கள். மூன்று புரோட்டான்கள், மூன்று எலெக்ட்ரான்கள் மட்டுமே உள்ள இதைவிட எளிய நடுநிலை அணுப்பரிமாற்ற வினை வேறில்லை. ஃபிரிட்ஸ் லண்டன் 1929இல் இதற்கான ஆற்றல் சமன்பாட்டை எழுதினார். 1931இல் பெர்லினில் ஹென்றி ஐரிங்கும் மைக்கேல் போலானியும் அதைக் கொண்டு முதல் நிலையாற்றல் பரப்பை வரைந்தார்கள். 1955இல் சாட்டோ செய்த ஒரு திருத்தத்தோடு அச்சமன்பாடு நால்வரின் பெயரையும் தாங்கி இன்றும் பயிற்சிக்குப் பயன்படுகிறது. நாமும் அதையே பயன்படுத்துவோம்.

முதலில் மனத்தில் படிய வேண்டிய படம்

மூன்று அணுக்களை அ, ஆ, இ என்று அழைப்போம். மூன்றும் ஒரே நேர்கோட்டில் இருப்பதாகக் கொள்வோம். இது வசதிக்காக மட்டும் செய்யும் எளிமையாக்கம் அன்று. இந்த வினைக்கு மிகத் தாழ்வான வழி நேர்கோட்டு வழிதான் என்று துல்லியமான கணக்கீடுகள் காட்டுகின்றன. நேர்கோட்டில் வைத்தால் இரண்டே தூரங்கள் போதும்: அ முதல் ஆ வரை ஒன்று, ஆ முதல் இ வரை மற்றொன்று. மூன்றாவது தூரமான அ முதல் இ வரையுள்ளது அவ்விரண்டின் கூட்டுத்தொகை. இரு தூரங்களையும் கிடைமட்ட அச்சுகளாக வைத்து, ஒவ்வொரு புள்ளியிலும் ஆற்றலை உயரமாகக் குறித்தால் ஒரு நிலப்பரப்பு கிடைக்கும். அதில் இரண்டு பள்ளத்தாக்குகள் இருக்கும். ஒன்றில் ஆ, இ இணைந்திருக்கும். அ தொலைவில் இருக்கும். மற்றதில் அ, ஆ இணைந்திருக்கும்; இ விலகிப் போயிருக்கும். இரண்டும் ஒரு மூலையில் வளைந்து சந்திக்கும் இடத்தில் ஒரு மேடு இருக்கிறது.

அந்த மேட்டைப் புரிந்துகொள்ள நம் பகுதியில் பிறந்தவர்களுக்கு ஒரு நல்ல வாய்ப்பு உண்டு. தருமபுரியிலிருந்து சேலத்துக்குப் போகும் நெடுஞ்சாலை தொப்பூர் கணவாய் வழியாக இறங்குகிறது. கணவாய் என்பது என்ன? சாலையின் வழியே பார்த்தால் அதன் உச்சி உயர்ந்த இடம். சாலைக்குக் குறுக்கே, இருபுறமும் எழும் மலைகளைப் பார்த்தால் அதே இடம் தாழ்ந்த இடம். ஒரு திசையில் பெருமமாகவும் அதற்குச் செங்குத்தான திசையில் சிறுமமாகவும் இருக்கும் இத்தகைய புள்ளியைக் கணிதத்தில் சேணப் புள்ளி என்கிறார்கள். கணவாய் என்ற நம் சொல்லே பொருளை இன்னும் தெளிவாகச் சொல்வதாக நான் கருதுகிறேன். ஏனெனில் ஒரு பக்கத்திலிருந்து மறுபக்கம் போக வேண்டியவர்கள் அதன் வழியாகத்தான் போக வேண்டும் என்ற செய்தியும் அச்சொல்லில் அடங்கியிருக்கிறது.

இங்கே ஒரு சொல்லைப் பற்றி எச்சரிக்க வேண்டும். நம் பாடநூல்களில் "இடைநிலை" என்ற சொல்லை, கணவாயின் உச்சிக்கும் சில இடங்களில் வினையின் நடுவே உண்டாகிச் சிறிது நேரம் நிலைத்திருக்கும் பொருளுக்கும் சேர்த்தே பயன்படுத்திவிடுகிறார்கள். பின்னதை நான் வினை இடைப்பொருள் என்றே எழுதுவேன். அது ஒரு குழி; அதில் மூலக்கூறு தங்கும். இடைநிலை குழியன்று; அதில் எதுவும் தங்காது. ஐரிங்கும் போலானியும் வரைந்த பழைய பரப்பில், மேட்டின் உச்சியில் ஓர் ஆழமற்ற குழி இருந்தது. அதற்கு ஐரிங் ஏரி என்றே பெயர் வைத்து நெடுங்காலம் விவாதித்தார்கள். பிற்காலத் துல்லியக் கணக்கீடுகள் அப்படி ஓர் ஏரி இல்லை என்று காட்டின. குழிக்கும் கணவாய்க்கும் உள்ள வேறுபாடு பெரியவர்களையே குழப்பியிருக்கிறது என்பதால், மாணவர்கள் இதில் குழம்பினால் வருந்த வேண்டியதில்லை.

விரிதாளில் பரப்பைக் கட்டுதல்

மூன்று தூரங்களையும் ஆங்ஸ்ட்ராம் (ஒரு சென்டிமீட்டரில் பத்துக்கோடியில் ஒரு பங்கு) அலகில் மூன்று கட்டங்களில் எழுதிக்கொள்ளுங்கள். ஒவ்வொரு தூரத்துக்கும் "ப" என்ற எண்ணைக் கணக்கிட வேண்டும். தூரத்திலிருந்து 0.741ஐக் கழித்து, வந்ததை 1.944ஆல் பெருக்கி, முன்னால் கழித்தல் குறியிட்டு, 2.718 என்ற இயற்கை அடிமானத்தின் அடுக்காக ஏற்றினால் கிடைப்பது ப. இதில் 0.741 ஆங்ஸ்ட்ராம் என்பது ஹைட்ரஜன் மூலக்கூற்றின் பிணைப்பு நீளம். 1.944 என்பது அப்பிணைப்பின் விறைப்பைக் குறிக்கும் எண்; மூலக்கூற்றின் அதிர்வெண்ணிலிருந்து பெறப்படுவது. பிறகு ஒவ்வொரு தூரத்துக்கும் இரண்டு உறுப்புகளை எழுதுங்கள்:

கூ = (4.75 ÷ 4) × (3.136 × ப² − 2.816 × ப)

மா = (4.75 ÷ 4) × (1.408 × ப² − 6.272 × ப)

கூ என்பது கூலும் உறுப்பு; மா என்பது எலெக்ட்ரான்கள் இடம் மாறிக்கொள்வதால் வரும் மாற்று உறுப்பு. 4.75 எலெக்ட்ரான் வோல்ட் என்பது மூலக்கூற்றைப் பள்ளத்தின் அடியிலிருந்து இரு அணுக்களாகப் பிரிக்கத் தேவையான ஆற்றல். இப்போது மூன்று கூ, மூன்று மா உங்களிடம் இருக்கின்றன. நிலையாற்றலைப் பின்வருமாறு பெறலாம்:

நிலையாற்றல் = [கூ1 + கூ2 + கூ3 − √{½ × ((மா1 − மா2)² + (மா2 − மா3)² + (மா3 − மா1)²)}] ÷ 1.136

வாய்பாட்டில் வரும் 3.136, 2.816, 1.408, 6.272, 1.136 ஆகிய எண்கள் அனைத்தும் சாட்டோவின் திருத்த எண் ஒன்றிலிருந்தே வருகின்றன. அதை நான் 0.136 என்று எடுத்திருக்கிறேன். வேறு மதிப்புகளையும் நூல்களில் காணலாம்; 0.18 என்று எடுத்தால் மேடு மிகவும் தாழ்ந்துவிடும். இம்மதிப்பை நான் தேர்ந்த காரணம் சற்று நேரத்தில் விளங்கும்.

முன்னே போகும் முன் ஒரு சோதனை செய்யுங்கள். ஒரு தூரத்தை 0.741 என்றும் மற்ற இரண்டையும் 20, 20.741 என்றும் இட்டால் விடை −4.75 வர வேண்டும். வரவில்லையென்றால் எங்கோ ஒரு குறியைத் தவறவிட்டிருக்கிறீர்கள். இந்தச் சோதனையைச் செய்யாமல் அடுத்த படிக்குப் போன மாணவர்கள் பின்னர் இரண்டு மணி நேரம் தேடியதை நான் பலமுறை பார்த்திருக்கிறேன். இனி எல்லா விடைகளோடும் 4.75ஐக் கூட்டிக்கொள்ளுங்கள், அப்போது வினைபடுபொருள்கள் தொலைவில் இருக்கும் நிலை சுழியாகும், மேட்டின் உயரம் நேரடியாகக் கிடைக்கும்.

உச்சியைத் தேடுதல்

இரு பள்ளத்தாக்குகளும் ஒன்றுக்கொன்று கண்ணாடி பிம்பமாக இருப்பதால், கணவாயின் உச்சி இரு தூரங்களும் சமமாக இருக்கும் கோட்டின் மேல்தான் இருக்க வேண்டும். ஆகவே இரு தூரங்களையும் ஒன்றாக வைத்துச் சிறிது சிறிதாக மாற்றிப் பாருங்கள். 0.90 ஆங்ஸ்ட்ராமில் 0.432 எலெக்ட்ரான் வோல்ட் வரும். 0.93இல் 0.416 வரும். 0.96இல் மீண்டும் 0.431 ஆக ஏறிவிடும். ஆக, இக்கோட்டில் சிறுமம் 0.93 ஆங்ஸ்ட்ராமில் இருக்கிறது. அது சிறுமம் மட்டுந்தானா, கணவாயா என்று அறியக் குறுக்குத் திசையிலும் பார்க்க வேண்டும். முனைகள் இரண்டையும் அசைக்காமல் நடு அணுவை மட்டும் 0.07 ஆங்ஸ்ட்ராம் நகர்த்துங்கள். அதாவது தூரங்கள் 0.86, 1.00 என்று ஆகட்டும். விடை 0.394. உயரம் இறங்கிவிட்டது. எந்தப் பக்கம் நகர்த்தினாலும் இறங்கும். எனவே இது கணவாயின் உச்சிதான்.

இப்போது 0.136ஐத் தேர்ந்த காரணத்தைச் சொல்லலாம். 1970களில் லியூ, சீக்பான் ஆகியோர் தொடங்கி, எலெக்ட்ரான்களின் அலைச்சமன்பாட்டை மிகுந்த துல்லியத்தோடு தீர்த்தவர்கள் கண்ட உயரம் சுமார் 0.417 எலெக்ட்ரான் வோல்ட், அதாவது மோலுக்கு 9.6 கிலோ கலோரி. அவர்கள் கண்ட தூரமும் 0.93 ஆங்ஸ்ட்ராம். நம் எளிய வாய்பாட்டில் ஒரே ஓர் எண்ணைச் சரிசெய்தவுடன் உயரமும் இடமும் சேர்ந்தே பொருந்திவிடுகின்றன. உயரத்துக்காகச் சரிசெய்தோம், தூரம் தானாக வந்து பொருந்தியது. முதன்முறை இதைக் கண்டபோது எனக்கு உண்டான மகிழ்ச்சி இன்னும் குறையவில்லை.

இவ்வுயரத்தைப் பிணைப்பின் வலிமையோடு ஒப்பிட்டுப் பாருங்கள். பழைய பிணைப்பை முழுவதும் உடைத்துவிட்டுப் புதியதைக் கட்டுவதானால் 4.75 எலெக்ட்ரான் வோல்ட் தேவைப்பட்டிருக்கும். இங்கே அதில் பத்தில் ஒரு பங்குக்கும் குறைவான ஆற்றலே போதுமானதாக இருக்கிறது, ஏனெனில் பழைய பிணைப்பு தளரத் தளரப் புதிய பிணைப்பு உருவாகிக்கொண்டே வருகிறது. கிளர்வு ஆற்றல் ஏன் பிணைப்பு ஆற்றலைவிடச் சிறியது என்ற கேள்விக்கு மாணவர்கள் எழுத வேண்டிய விடை இதுவே.

உச்சியில் வளைவுகளை அளத்தல்

மேலே கிடைத்த எண்களை வீணாக்காதீர்கள். அவற்றிலிருந்து அதிர்வெண்களையும் பெறலாம். 0.90, 0.93, 0.96 ஆகிய மூன்று இடங்களின் ஆற்றலையும் எடுத்து, இரு முனை மதிப்புகளைக் கூட்டி, நடு மதிப்பின் இருமடங்கைக் கழித்து, 0.03இன் வர்க்கத்தால் வகுத்தால் இரண்டாம் வகைக்கெழு கிடைக்கும். ஏறத்தாழ 33 வரும். நடு அணு அசையாமல் முனை அணுக்கள் இரண்டும் ஒரே அளவு வெளியே போய் உள்ளே வரும் அசைவு இது. இதில் இயங்கும் நிறை ஓர் அணுவின் நிறையைப் போல் இருமடங்கு என்று கொண்டு கணக்கிட்டால், சென்டிமீட்டருக்கு சுமார் 2,100 அலைகள் என்ற அதிர்வெண் வரும். துல்லியமான பரப்புகளில் இது 2,060 அளவில் இருக்கிறது. தனி ஹைட்ரஜன் மூலக்கூற்றின் அதிர்வெண் 4,401 என்பதோடு ஒப்பிட்டால், கணவாயின் உச்சியில் பிணைப்புகள் எவ்வளவு தளர்ந்திருக்கின்றன என்பது தெரியும்.

நடு அணுவை நகர்த்திய மற்றத் திசையில் வகைக்கெழு எதிர்க்குறி உடையது. எதிர்க்குறி எண்ணின் வர்க்கமூலம் கற்பனை எண் என்பதால், அத்திசையின் அதிர்வெண்ணைக் கற்பனை அதிர்வெண் என்கிறோம். இயங்கும் நிறையை ஓர் அணுவின் நிறையில் மூன்றில் இரண்டு பங்காக எடுக்க வேண்டும். நம் பரப்பில் இதன் அளவு 1,900க்கும் 2,000க்கும் இடையே வருகிறது; துல்லியமான பரப்புகளில் சுமார் 1,500. ஆகவே நம் மேடு உயரத்தில் சரியாக இருந்தாலும், குறுக்களவில் உண்மையைவிட மெலிந்தது. இந்தக் குறையை மறைக்காமல் குறித்து வைத்துக்கொள்ளுங்கள்; குவாண்டம் ஊடுருவலைப் பற்றிப் பேசும்போது இது தேவைப்படும். கணினி நிரல்கள் இடைநிலையைக் கண்டுபிடித்ததாகச் சொல்லும்போதெல்லாம், சரியாக ஒரே ஒரு கற்பனை அதிர்வெண் இருக்கிறதா என்று சரிபார்க்கச் சொல்வது இதனால்தான். இரண்டு இருந்தால் அது கணவாயன்று, மலையுச்சி.

பாதையை நடத்திப் பார்த்தல்

இதுவரை செய்தது வரைபடம் வரையும் வேலை. வரைபடத்தில் கணவாய் இருக்கிறது என்பதால் எல்லா வண்டிகளும் அதைக் கடந்துவிடுவதில்லை. எந்த வேகத்தில், எந்தத் திசையிலிருந்து, எந்தக் கட்டத்தில் வந்து சேர்கிறது என்பதே முடிவைத் தீர்மானிக்கிறது. வினை இயக்கவியல் என்ற துறை முழுவதும் இந்த ஒரு செய்தியின் விரிவாக்கம் என்றே நான் மாணவர்களிடம் சொல்வேன். 1936இல் ஹிர்ஷ்ஃபெல்டர், ஐரிங், டாப்லி மூவரும் இத்தகைய பாதையொன்றைக் கையாலேயே படிப்படியாகக் கணக்கிடத் தொடங்கினார்கள். கணினிகள் வந்த பின்னர், 1965இல் கார்ப்ளஸ், போர்ட்டர், சர்மா ஆகியோர் முப்பரிமாண வெளியில் ஆயிரக்கணக்கான பாதைகளை நடத்திப் பார்த்தார்கள். அன்று பெருங்கணினி செய்த வேலையின் நேர்கோட்டு வடிவத்தை இன்று நம் மடிக்கணினி சில நொடிகளில் முடித்துவிடும்.

மூன்று அணுக்களின் இடங்களையும் ஒரு கோட்டில் வையுங்கள். அ இடப்பக்கம், ஆவிலிருந்து 4 ஆங்ஸ்ட்ராம் தள்ளி இருக்கட்டும்; ஆவும் இயும் 0.741 இடைவெளியில் இருக்கட்டும். 0.5 எலெக்ட்ரான் வோல்ட் மோதல் ஆற்றலுக்கு அணுவும் மூலக்கூறும் ஒன்றையொன்று நெருங்கும் வேகம் ஃபெம்டோ நொடிக்கு (10⁻¹⁵ நொடிக்கு) 0.12 ஆங்ஸ்ட்ராம், அதாவது நொடிக்கு 12 கிலோமீட்டர். மொத்த உந்தம் சுழியாக இருக்க, அவுக்கு +0.08 என்றும், ஆ, இ இரண்டுக்கும் −0.04 என்றும் வேகம் கொடுங்கள். வேறு ஆற்றல் வேண்டுமென்றால் வேகங்களை ஆற்றல் விகிதத்தின் வர்க்கமூலத்தால் பெருக்கிக்கொள்ளலாம்.

விசைக்கு, முதல் தூரத்தை 0.001 கூட்டியும் குறைத்தும் ஆற்றல் எவ்வளவு மாறுகிறது என்று பார்த்து முதல் சரிவைப் பெறுங்கள்; அதேபோல இரண்டாம் தூரத்துக்கும் செய்யுங்கள். அவின் மீதான விசை முதல் சரிவு. இயின் மீதானது இரண்டாம் சரிவுக்கு எதிர்க்குறி. ஆவின் மீதானது இரண்டாம் சரிவிலிருந்து முதல் சரிவைக் கழித்தது. விசையை ஹைட்ரஜனின் நிறையான 1.008ஆல் வகுத்து 0.00965ஆல் பெருக்கினால், முடுக்கம் ஆங்ஸ்ட்ராம், ஃபெம்டோ நொடி அலகுகளில் வந்துவிடும். கால இடைவெளி 0.1 ஃபெம்டோ நொடி. பழைய இடத்தோடு வேகம் பெருக்கல் காலத்தையும், முடுக்கத்தில் பாதி பெருக்கல் காலத்தின் வர்க்கத்தையும் கூட்டினால் புதிய இடம். அங்கே விசையை மீண்டும் கண்டு, பழைய, புதிய முடுக்கங்களின் சராசரியைக் கொண்டு வேகத்தைப் புதுப்பிக்க வேண்டும். வெர்லே முறை எனப்படும் இதை ஆயிரம் படிகள் நடத்தினால் மோதல் தொடங்கி முடிந்து, துகள்கள் விலகிப் போவது வரை பார்க்கலாம். ஹைட்ரஜன் மூலக்கூறு ஒருமுறை அதிர 7.6 ஃபெம்டோ நொடி ஆகும் என்பதால், 0.1 என்ற இடைவெளி போதிய அளவு நுண்ணியது.

இரண்டு சோதனைகளைத் தவறாமல் செய்யுங்கள். மொத்த ஆற்றல் பாதை முழுவதும் மாறாமல் இருக்க வேண்டும். மூன்றாம் தசமத்தில் சற்று ஆடினால் பாதகமில்லை, இரண்டாம் தசமம் மாறினால் பிழை. பெரும்பாலும் அப்பிழை, ஒரு தூரத்தை மாற்றும்போது அ, இ இடைத் தூரமும் சேர்ந்து மாறுகிறது என்பதை மறந்ததால் வருவது. இரண்டாவதாக, பாதையின் முடிவில் எல்லா வேகங்களின் குறியையும் மாற்றி அதே எண்ணிக்கைப் படிகள் ஓட்டினால், தொடங்கிய இடத்துக்கே திரும்பி வர வேண்டும். இச்சோதனை வெற்றி பெறும்போது மாணவர்களின் முகத்தில் தெரியும் நம்பிக்கையை நான் வேறு எந்தப் பாடத்திலும் கண்டதில்லை.

மோதல் ஆற்றலை 0.30இல் தொடங்கி 0.02, 0.02 ஆக உயர்த்துங்கள். தாழ்ந்த ஆற்றல்களில் அணு மேட்டில் சிறிது ஏறி, நின்று, வந்த பள்ளத்தாக்குக்கே திரும்பும். 0.416ஐ எட்டியவுடன் கடந்துவிடும் என்று எதிர்பார்ப்பீர்கள்; கடக்காது. பள்ளத்தாக்கு வளையும் இடத்தில் ஆற்றலின் ஒரு பகுதி பக்கவாட்டு அதிர்வுக்குப் போய்விடுவதால், உச்சியைத் தாண்டச் சற்றுக் கூடுதல் தேவை. கடந்த பாதைகளில் விளைபொருளின் தூரத்தை வரைந்தால் அது அலையலையாக ஆடுவதைக் காணலாம். பக்கவாட்டில் போன அந்த ஆற்றல்தான் இப்போது அதிர்வாகத் தெரிகிறது. அடுத்து, மூலக்கூற்றுக்குத் தொடக்கத்திலேயே சிறிது அதிர்வைக் கொடுத்து, ஆவும் இயும் நெருங்கும் கட்டத்தில் ஒருமுறையும் விலகும் கட்டத்தில் ஒருமுறையுமாக, மொத்த ஆற்றலை மாற்றாமல் ஓட்டுங்கள். ஆற்றல் சரியான எல்லையில் அமைந்தால் ஒன்று வினைபுரியும், மற்றொன்று திரும்பிவிடும். ஆகவே ஒரு பாதையை வைத்து எதையும் முடிவு செய்யக் கூடாது. அதிர்வுக் கட்டத்தைச் சம இடைவெளிகளில் மாற்றிக் குறைந்தது நூறு பாதைகளை ஓட்டி, எத்தனை கடந்தன என்று எண்ணுவதே முறை.

கடப்பதை எண்ணும்போது, இரு தூரங்களும் சமமான கோட்டை எல்லையாக வைத்து, பாதை அதை எத்தனை முறை வெட்டுகிறது என்றும் குறித்துக்கொள்ளுங்கள். இடைநிலைக் கொள்கையின் உயிர்நாடி இங்கே இருக்கிறது. 1935இல் ஐரிங்கும், தனியே எவான்ஸும் போலானியும் முன்வைத்த அக்கொள்கை, எல்லைக்கோட்டை ஒருமுறை கடந்தது திரும்பாது என்ற ஊகத்தின் மேல் நிற்கிறது. மேட்டின் உயரத்துக்குச் சற்று மேலான ஆற்றல்களில் இவ்வினையில் அந்த ஊகம் பொருந்துகிறது. ஆற்றல் மிகுந்தால் சில பாதைகள் கடந்து, மறுபுறச் சுவரில் மோதி, மீண்டும் வந்துவிடும். அவற்றையும் கொள்கை வினையாகவே எண்ணிவிடுவதால், செவ்வியல் கணக்கில் அது தரும் வேகம் எப்போதும் உண்மைக்குச் சமமாகவோ கூடுதலாகவோ தான் இருக்கும், குறைவாக இராது. விக்னர் 1938இல் இதைத் தெளிவாக எடுத்துரைத்தார். இடைநிலை என்பது ஒரு மூலக்கூறு அன்று, ஓர் எல்லை. நாம் எண்ணுவது அதைக் கடப்பவர்களை.

சாய்வான அச்சுகள்

பரப்பின் மேல் ஒரு கோலிக்குண்டை உருட்டினால் அது அணுக்களின் பாதையைக் காட்டும் என்று சொல்லும் நூல்கள், ஒரு நிபந்தனையைச் சொல்லாமல் விடுவதுண்டு. இரு தூர அச்சுகளையும் செங்குத்தாக வைத்தால் அது உண்மையாகாது. அச்சுகளின் இடைக்கோணம் நிறைகளைப் பொறுத்தது. முனை நிறைகள் இரண்டின் பெருக்கலை, (அ + ஆ), (ஆ + இ) நிறைக்கூட்டல்களின் பெருக்கலால் வகுத்தால், அக்கோணத்தின் கொசைன் மதிப்பின் வர்க்கம் கிடைக்கும். மூன்றும் ஹைட்ரஜன் என்றால் கோணம் 60 பாகை. குளோரின், ஹைட்ரஜன், குளோரின் என்று கனமான இரண்டுக்கு நடுவே இலேசானது இருந்தால் கோணம் சுமார் 14 பாகையாகச் சுருங்கிவிடும். பள்ளத்தாக்கு கொண்டை ஊசி வளைவுபோலத் திரும்பும். உருளும் குண்டு இரு சுவர்களுக்கிடையே பலமுறை மோதி ஆடும். அத்தகைய வினைகளில் இலேசான அணு இரு கனமான அணுக்களுக்கும் இடையே பலமுறை போய்வருவதன் வடிவியல் காரணம் இதுதான்.

மேடு எந்தப் பக்கம் இருக்கிறது

ஹைட்ரஜன் வினையில் மேடு நடுவில் இருந்தது. ஃபுளூரின் அணு ஹைட்ரஜன் மூலக்கூற்றை மோதும் வினையில் அப்படியில்லை. அது மோலுக்கு ஏறத்தாழ 32 கிலோ கலோரி வெப்பத்தை விடுவிக்கும் வினை. மேடு மிகச் சிறியது, நுழைவுப் பள்ளத்தாக்கிலேயே வந்துவிடுகிறது. அதைக் கடந்தபின் நெடிய இறக்கம். தருமபுரிப் பக்கத்திலிருந்து கணவாய்க்குள் நுழைந்து சேலத்துச் சமவெளிக்கு இறங்குவதை எண்ணிக்கொள்ளுங்கள். இறக்கத்தில் வேகமெடுத்த கனமான வண்டி வளைவில் வெளிப்புறம் தள்ளப்படுவதுபோல, இறக்கத்தில் கிடைத்த ஆற்றல் வளைவில் பக்கவாட்டு அசைவாக மாறுகிறது. பிறக்கும் ஹைட்ரஜன் ஃபுளூரைடு பலமாக அதிர்ந்துகொண்டே பிறக்கிறது. அதிர்வு எண் (அதிர்வு ஆற்றல் படியின் வரிசை எண்) 2 உள்ள மூலக்கூறுகளே மிகுதி. 0 உள்ளவை மிகக் குறைவு. மேல் நிலையில் கூட்டமும் கீழ் நிலையில் வெறுமையும் இருந்தால் லேசர் சாத்தியம் என்பது உங்களுக்குத் தெரியும். 1967இல் கோம்பாவும் பிமென்டலும் இந்த வினையைக் கொண்டு வேதியியல் லேசரை இயக்கினார்கள்.

மைக்கேல் போலானியின் மகன் ஜான் போலானி இதிலிருந்து ஒரு விதியை வகுத்தார். மேடு நுழைவுப் பக்கம் இருந்தால், அதைக் கடக்க மோதும் வேகமே உதவும்; மேடு வெளியேறும் பக்கம் இருந்தால், மூலக்கூற்றின் அதிர்வே உதவும். வளைவுக்கு அப்பால் மேடு இருக்கும்போது நேராக ஓடி வருபவர் வளைவின் சுவரில் மோதித் திரும்புவார். பக்கவாட்டில் ஆடிக்கொண்டு வருபவருக்கே அந்தத் திருப்பம் கைகூடும். வினையின் மூலக்கூற்று இயக்கத்தை ஆராய்ந்ததற்காக ஹெர்ஷ்பாக், யுவான் லீ ஆகியோரோடு ஜான் போலானி 1986இல் நோபல் பரிசு பெற்றார். உங்கள் நிரலில், இரு இணைகளுக்கும் வெவ்வேறு பிணைப்பு ஆற்றலைக் கொடுத்து மேட்டை ஒரு பக்கம் தள்ளி இவ்விதியைச் சரிபார்க்கலாம். எங்கள் சனிக்கிழமைக் குழுவில் இதற்கு இரண்டு அமர்வுகள் தேவைப்பட்டன.

மேடே இல்லாத வினைகளும் உண்டு. பொட்டாசியம் அணு புரோமின் மூலக்கூற்றை நெருங்கும்போது, 7, 8 ஆங்ஸ்ட்ராம் தொலைவிலேயே தன் எலெக்ட்ரானை ஈட்டிபோல எறிந்து, பிறகு மின்கவர்ச்சியால் இழுத்துக்கொள்கிறது. அங்கே தேட வேண்டியது சேணப் புள்ளியை அன்று, எலெக்ட்ரான் தாவும் தூரத்தை. அயனியாக்க ஆற்றலிலிருந்து எலெக்ட்ரான் நாட்டத்தைக் கழித்து, அதனால் 14.4ஐ வகுத்தால் அத்தூரம் ஆங்ஸ்ட்ராமில் கிடைக்கும்.

செவ்வியல் கணக்கு விட்டுவிடுவது

ஹைட்ரஜன் மிக இலேசானது என்பதால், நம் கணக்கில் இரண்டு குறைகள் உண்டு. ஒன்று, மூலக்கூறு ஒருபோதும் அசையாமல் நிற்பதில்லை. அதற்குச் சுழிநிலை ஆற்றலாக 0.27 எலெக்ட்ரான் வோல்ட் எப்போதும் உண்டு. உச்சியிலும் முனை அணுக்களின் அசைவுக்கு ஏறத்தாழ 0.13 உண்டு. இரண்டின் வேறுபாட்டால் நேர்கோட்டு வழியில் மேட்டின் பயனுறு உயரம் சுமார் 0.28 ஆகக் குறைகிறது. முப்பரிமாணத்தில் வளையும் அசைவுகளும் சேர்வதால் மீண்டும் 0.4க்கு அருகில் ஏறிவிடுகிறது. மற்றொன்று குவாண்டம் ஊடுருவல்: போதிய ஆற்றல் இல்லாமலே மேட்டினூடாகக் கசிந்து செல்லுதல். இதற்கு விக்னர் தந்த எளிய திருத்தம், கற்பனை அதிர்வெண்ணை வெப்ப ஆற்றலால் வகுத்து, வர்க்கப்படுத்தி, 24ஆல் வகுத்து, ஒன்றைக் கூட்டுவதாகும். 300 கெல்வினில் வெப்ப ஆற்றல் சென்டிமீட்டருக்கு 208.5, துல்லியமான பரப்பின் 1,500ஐ இட்டால் 3.2 வரும், அதாவது வேகம் மும்மடங்குக்கு மேல் கூடுகிறது. நம் பரப்பின் 1,950ஐ இட்டால் 4.6 வரும், மெலிந்த மேடு என்று முன்பு குறித்துவைத்த குறை இங்கே விலையாக வந்து நிற்கிறது. இத்திருத்தம் சிறிய ஊடுருவலுக்கு மட்டுமே நம்பத்தக்கது என்பதால், அறை வெப்பநிலையில் இவ்வெண்களைத் திசைகாட்டியாக மட்டும் கொள்ளுங்கள்.

கடைசிப் பயிற்சியாக நிறையை 1.008இலிருந்து டியூட்டீரியத்தின் 2.014ஆக மாற்றி, எல்லாவற்றையும் மீண்டும் ஓட்டுங்கள். பரப்பைத் தொடாதீர்கள், அது எலெக்ட்ரான்களால் ஆனது, அணுக்கருவின் நிறையை அறியாது. உச்சி அதே 0.93இல், அதே 0.416 உயரத்தில் இருக்கும். அதிர்வெண்கள் மட்டும் √2ஆல் குறையும்: 2,100 என்பது ஏறத்தாழ 1,490 ஆகும், 1,950 என்பது 1,380 ஆகும். விக்னர் திருத்தத்தை மறுபடி கணக்கிட்டு, இரு விடைகளையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதி வையுங்கள்.